இரண்டு தரம் ஓம்

ஓம் என்று ஒரு தரம் சொன்னால் சம்மதம். ஓம் ஓம் என்று இரண்டு தரம் சொன்னால், நீர் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லும் என்று அர்த்தம். அதில் அரிசி மணியளவு சம்மதமும் கிடையாது. யாழ்ப்பாணத்து ஆள் எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர்கள் நோர்வேக்காரர்கள், ஆனால் அவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை. குறை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் அந்த அக்காதான் என்று பல வருடம் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேருக்கு உடனே ஆளைத் தெரிந்துவிடும், மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைக்குள் விசாரித்து அறிந்துகொள்வார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே கம்பனியில் வேலை செய்தோம். பதினொரு பேர் கொண்ட சின்னக் கம்பனி. வீடு, பள்ளிக்கூடம், களஞ்சியம் என்று கட்டுகிற ஒப்பந்தக்காரர்களுக்கு, கட்டடத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற மென்பொருளை விற்றோம். சுவர் எத்தனை சதுர மீட்டர், ஜன்னல் எத்தனை, ஆணி எத்தனை பெட்டி, தச்சருக்கு எத்தனை மணித்தியாலம் என்று வரி வரியாகப் பதிந்தால் அடியில் தொகை வரும். அந்த வரிகள் எல்லாம் போய்ச் சேருகிற தரவுத்தளம் அக்காவின் பொறுப்பு. வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தினால் காது கொடுப்பது என் பொறுப்பு. அவருக்கு நாற்பதுக்குக் கிட்ட, எனக்கு முப்பது. எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன.

அக்கா என்றால் கோடையிலும் கழற்றாத சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. சதுரக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தக் கொப்பியில் பென்சிலால் கணக்குப் போடுவார். பிழை வந்தால் அழிப்பார். அழித்த தூளை ஊதிவிட மாட்டார், உள்ளங்கையால் கூட்டி எடுத்துக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோவார். வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. ஒரு கணக்கு மிச்சமில்லாமல் சரிவந்தால் மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான்.

ஆனால் 'இல்லை' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. நோர்வே மொழியில் அதற்கு 'நை' என்று ஒரு சொல் இருக்கிறது. மழலைப் பள்ளிக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே பிடித்துக்கொண்டு வருகிற சொல். துரொண்ட்ஹெய்மில் ஐந்து வருடம் அந்த மொழியில் படித்துப் பட்டம் வாங்கிய மனிசிக்கு அது வராது. அதற்குப் பதில் ஒரு எண்ணைச் சொல்லுவார்.

இதை நான் முதலில் கண்டது ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில், எங்கள் ஆள் ஒருவரின் கடையில். வேலை முடிந்து இரண்டு பேரும் சாமான் வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் அக்காவைக் கண்டதும் அரிசி மூட்டையைத் தூக்கிவிட்டார்.

"அக்கா, புதுச் சம்பா வந்திருக்கு. ரெண்டு மூட்டை போடட்டே?"

"ஓம் ஓம்."

"பேந்து வந்து கேட்டால் இராது, சொல்லிப்போட்டன்."

"ஓம் ஓம். வீட்டிலை மூண்டு பேர். மாசத்துக்கு எட்டுக் கிலோதான் முடியுது. உங்கடை மூட்டை இருவது."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப கறிவேப்பிலை மட்டும்தானே?" என்றார். வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"வேண்டாம் எண்டு ஒரு சொல்லிலை முடிச்சிருக்கலாமே அக்கா?"

"நான் ஏன் சொல்லவேணும்? எட்டெண்டும் இருவதெண்டும் சொன்னனான். எண் சொல்லிப்போட்டுதுதானே."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. எண் சொல்லிப்போட்டுதாம்! இதே மனிசி இதே பழக்கத்தைக் கம்பனிக்குள்ளும் கொண்டுவருவார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு நான்தான் நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்கிறவன். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது எத்தனையாவது தரம் மாத்துறீர்?"

"ஏழு."

"பேச்சாளர் லிஸ்டிலை தங்கடை பெயர் மேலை வரவேணும் எண்டு ஆக்கள் தொடங்கிட்டினமோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப இருவதைத் தாண்டும்."

இருபத்திரண்டில் முடிந்தது. நான் போய்ச் சொன்னபோது அந்த மூக்குச் சத்தம் வந்தது. மனிதர் எத்தனை தரம் மனம் மாறுவார்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்க எண்ணிய ஒரே விஷயம் என்று நினைக்கிறேன். அவருடைய வேலையும் அதில்தான் தங்கியிருந்தது.

ஏனென்றால் எங்கள் மென்பொருளுடன் சேர்த்து வாடிக்கையாளருக்கு நாங்கள் கொடுத்தது இலவசமாகக் கிடைக்கிற ஒரு தரவுத்தளம். அதற்கு இரண்டு கிகாபைட் என்று ஒரு உச்சவரம்பு. அது நிரம்பினால் அதற்குமேல் ஒரு வரிகூட ஏற்காது. எத்தனை கட்டடத்தில் அது நிரம்பும் என்று விற்பதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். முதலாளி கட்டடத்தின் பருமனைப் பார்த்தார். அக்கா பார்த்தது வேறு. எங்கள் மென்பொருளில் யாராவது ஒரு ஜன்னலின் விலையை மாற்றிப் புதிதாகச் சேமித்தால், அத்திவாரத்திலிருந்து ஆணி வரை முழுக் கணக்கும் இன்னொரு பிரதியாக விழும். அப்படி எழுதியவர்கள் அக்கா வருவதற்கு முன்னால் இருந்தவர்கள். அதை மாற்ற நேரம் தாருங்கள் என்று கேட்டார், கிடைக்கவில்லை.

"வீடு சின்னனோ பெரிசோ எண்டு பாக்கினம்," என்று என்னிடம் சொன்னார். "மனம் மாறுறதை ஒருத்தரும் எண்ணுறேல்லை."

அவர் எண்ணினார். மூன்று ஒப்பந்தக்காரரின் அலுவலகங்களுக்குப் போய் மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து எண்ணினார். அங்கே மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் பெயர் வைத்திருந்தார்கள். 'சிஸ்தெ' என்றால் கடைசி. அதற்குப் பிறகு 'சிஸ்தெ 2'. அதற்குப் பிறகு 'சிஸ்தெ புதியது'. அதற்கும் பிறகு 'ஹெல்ட் சிஸ்தெ', அதாவது முழுக்க முழுக்கக் கடைசி. ஒரு பள்ளிக்கூடக் கூரைக்கு மட்டும் முப்பத்தெட்டுக் கடைசிகள் இருந்தன. திரும்பி வந்து ஒரேயொரு தாளில் எழுதினார். ஒரு கட்டடத்துக்கு இரண்டாயிரம் வரி, இரண்டு மெகாபைட். மூன்று தரம் மனம் மாறினால் முந்நூற்று முப்பது கட்டடம் கொள்ளும். நாற்பது தரம் மாறினால் இருபத்தைந்து. மாறுவது நாற்பது தரம். கீழே கையெழுத்து.

அந்தத் தாளை வைத்து முடிவெடுக்கிற கூட்டத்துக்குப் போகுமுன் நடையில் வைத்து அவரை மறித்தேன்.

"அக்கா, உள்ளை போயிருந்து ஓம் ஓம் எண்டு கொண்டிராதேங்கோ. இல்லையெண்டால் நை எண்டு சொல்லுங்கோ. இவையளுக்கு உங்கடை கதை விளங்காது."

"தாளிலை இருக்குத்தானே தம்பி."

"தாள் கதைக்காது அக்கா!"

"வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தானே," என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

முதலாளி கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கேக் வாங்கி வருகிற, பெரிய உடம்பும் இனிய குரலும் கொண்ட மனிதர். விற்பனையும் அவரே. அவர் தொடங்கினார். சாதாரண ஆட்கள் மூன்று தரத்துக்கு மேல் மாற்ற மாட்டார்கள், என் அனுபவத்தில் சொல்கிறேன் என்றார். அக்கா, "யா, யா," என்றார். ஓம் ஓம் என்பதை அப்படியே அவர்களின் மொழியில் போட்டுவிட்டார். நாற்பது என்று சொன்னால், இருபத்தைந்து கட்டடம்தானா என்று சின்ன ஒப்பந்தக்காரர் பயந்து ஓடிவிடுவார் என்றார் முதலாளி. "யா, யா." அப்போ மூன்று என்றே வைத்துக்கொள்வோமா என்றார். "யா, யா. மூன்று என்றால் முந்நூற்று முப்பது. நாற்பது என்றால் இருபத்தைந்து," என்று சொல்லி அக்கா தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. எண் 'இல்லை' என்று சொல்லிவிட்டது. முதலாளியைப் பொறுத்தவரையும் விஷயம் முடிந்தது. மூன்று தரம் கேட்டதற்கு ஆறு யா வந்துவிட்டது.

கூட்டக் குறிப்பு எழுதியது நான்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "எழுதிவிட்டாயா?" என்று கேட்டார். அந்த அறையில் அக்காவைத் தவிர இரண்டு மொழியும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அக்கா உடன்படவில்லை என்று எனக்குச் சந்தேகமேயில்லாமல் தெரியும். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எனக்குக் கோபம். சொல்லச் சொல்லக் கேட்காமல் போய் இருந்து தலையாட்டுகிறாரே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்ற கோபம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய யா யாவைக் கேட்டு இவர்கள் என்னையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிடுவார்களே என்ற வெட்கம். நன்றாகப் படட்டும், அப்போதாவது நை சொல்லப் பழகுவார் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்: 'கட்டடத்துக்கு மூன்று பிரதிகள் என்று தீர்மானம். தரவுத்தளப் பொறுப்பாளர் உடன்பட்டார்.'

குறிப்பை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுப்பு இருந்தால் ஒரு கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்பது அங்கத்தைய வழக்கம். அக்கா பதில் அனுப்பினார். என்ன பதில் தெரியுமா? அதே தாள். மேலே ஒரு சொல் இல்லை, கீழே ஒரு சொல் இல்லை. முதலாளி அதை ஏதோ கோப்பில் போட்டு வைக்க அனுப்பியதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு மூடினேன்.

அடுத்த வருடம் வசந்தத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என் தொலைபேசி அடித்தது. நகருக்கு வெளியே ஒரு சின்ன ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டாளர். ஒரு விளையாட்டு மண்டபத்துக்கான டெண்டர் பன்னிரண்டு மணிக்கு மூடுகிறது, கடைசித் திருத்தத்தைச் சேமிக்க விடாமல் இடம் போதாது என்று திரையில் வருகிறது என்றார். எத்தனை கட்டடம் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருபத்தாறு."

நான் அந்த எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டேன். எதிர் மேசையில் அக்கா பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கணக்கு ஒரு கட்டடம்கூடப் பிசகாமல் சரிவந்திருந்தது. மூக்குச் சத்தம் வரவில்லை.

தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினார். பழைய பிரதிகளில் எவற்றை அழிக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஆளுக்கோ பதற்றம். எல்லாமே கடைசி என்ற பெயரில் கிடக்க எதை அழிப்பது? சிஸ்தெயை அழிக்கப் போய் ஹெல்ட் சிஸ்தெயை அழித்துவிட்டார். முந்திய பிரதியிலிருந்து திருத்தங்களைத் திரும்பப் பதிந்துகொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அடித்துவிட்டது. அந்த மண்டபம் அந்தக் கம்பனியில் எட்டுப் பேருக்கு இலையுதிர்காலம் முழுவதற்குமான வேலை. இதை அந்த மதிப்பீட்டாளர் கத்தாமல் சொன்னார். கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம்.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் என்னுடைய கூட்டக் குறிப்பு இருந்தது.

"நீங்கள் உடன்பட்டிருக்கிறீர்களே," என்றார் அக்காவிடம். "ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?"

அக்கா கொப்பிக்குள் இருந்து தாளை எடுத்து வைத்தார். விரலால் நாற்பதைத் தொட்டுக் காட்டினார், பிறகு இருபத்தைந்தை.

"இது கணக்கு," என்றார் முதலாளி. "அது தீர்மானம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீதானே எழுதினாய். அவர் உடன்பட்டாரா?"

இல்லை என்று சொன்னால் பொய்க் குறிப்பு எழுதியவன் நான் என்று ஆகும். ஒஸ்லோவின் அம்மருட்டில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தேன், மனைவிக்கு ஆறு மாதம். இதையெல்லாம் காரணமென்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. வருடக்கணக்காக அக்காவுக்கு நான் ஓதிய அந்த 'நை' அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

"யா," என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஒருக்காத்தான் சொன்னீர்," என்றார் தமிழில்.

அவர் என்ன சொல்கிறார் என்று முதலாளி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த நாட்டில் அப்படியெல்லாம் ஆளை வேலையால் நிற்பாட்ட முடியாது. தரவுத்தளத்தை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அக்காவை உதவிக் குறிப்புகள் எழுதப் போட்டார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தப் பெட்டி திறக்கும் என்று எழுதுகிற வேலை. ஐந்து மாதம் அதையும் பிழையில்லாமல் எழுதினார். முன்போலவே எனக்கு முன்னால் இருந்தார், காலையில் தலையசைத்தார், அழித்த தூளை உள்ளங்கையில் கூட்டினார். எனக்குத்தான் எரிந்தது. கத்தலாமே, முதலாளியிடம் போய் இவன் பொய் சொன்னான் என்று முறையிடலாமே! ஒரு தரமாவது என் முகத்துக்கு நேரே ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி ஒரு வழியாக முடித்திருப்பேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. பிறகு துரொண்ட்ஹெய்மில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். கடைசி நாளுக்கும் கேக் வந்தது.

அவர் போன அடுத்த மாதம் வாடிக்கையாளருக்கான கையேட்டைப் புதுப்பித்தோம். 'ஒரு கட்டடத்துக்கு நாற்பது பிரதிகள் என்று கணக்கிட்டு இடம் ஒதுக்கவும்' என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் முதலாளி. எங்கள் அனுபவத்தில் கண்டது என்றும் சேர்த்துக்கொள் என்றார். எங்கள் அனுபவமாம்! அதையும் தட்டச்சு செய்தது நான்தான். அன்றைக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்கலாம் போல் இருந்தது. ஆனால் சரி என்று தலையாட்டிவிட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன்.

ஆறு வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவருடைய தொலைபேசி எண் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு எடுத்தேன். குரலில் மாற்றமில்லை. நான் நிறுத்தாமல் கதைத்தேன். நீங்கள் உடன்படவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் எழுதினேன், உங்களில் இருந்த கோபத்தில் எழுதினேன், பிறகு பயத்தில் பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நான் மூச்சு வாங்குகிற இடங்களில் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்று வந்தது.

"எத்தனை வருஷத்துக்குப் பிறகு எடுக்கிறீர்?" என்று கேட்டார்.

"ஆறு அக்கா."

"ஆறு," என்று திருப்பிச் சொன்னார். "இடையிலை எத்தனை தரம் எடுக்க நினைச்சு விட்டனீர்?"

"எண்ணேல்லை அக்கா."

எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிட்டியளோ?"

"ஓம் ஓம்," என்றார்.

பிறகு பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார், மனைவியைச் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நான் ஒரு நோர்வேக்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தொலைபேசியை வைத்திருப்பேன்.